திரும்பி வந்த பதினொரு பெட்டிகள்

எட்டு மணிக்குப் பட்டறையைத் திறந்தால் போதும். மெழுகக்கா ஏழு மணிக்கே திறந்துவிடுவாள். ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று யாராவது கேட்டால், "காலையில வெளிச்சம் நல்லா இருக்கும்" என்பாள். வெளிச்சம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் காரணம் அது இல்லை.

அது பொய்ப்பல் செய்யும் பட்டறை. கீழே செருப்புக் கடை, மேலே இவர்களுடைய மூன்று அறைகள். முதல் அறையில் கல்லாக இறுகும் வெள்ளை மாவைக் கரைத்து அச்சு ஊற்றுவார்கள். அந்த அறையின் தரை எத்தனை முறை துடைத்தாலும் வெள்ளையாகத்தான் இருக்கும். நடு அறையில் நீள மேசையும் நான்கு முக்காலிகளும். அங்கே மெழுகில் பல் பதிப்பார்கள். கடைசி அறையில் அழுத்துகிற பிரஸ், கொதிகலன், மெருகு போடுகிற மோட்டார். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் எடுத்த அளவைப் பெட்டியில் போட்டு எண் எழுதி அனுப்புவார்கள். இங்கே அதற்கேற்ற பல் செட் தயாராகி, அதே பெட்டியில் திரும்பிப் போகும். பட்டறையில் யாரும் எந்த வாயையும் நேரில் பார்த்தது கிடையாது. இருநூற்றுப் பதினாலு என்றால் அவர்களுக்கு அது ஓர் ஆள். ஆணா பெண்ணா, கறுப்பா சிவப்பா என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் கீழ்த்தாடை கொஞ்சம் முன்னால் தள்ளியிருக்கும் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

சரியாகப் பொருந்தாத செட் பெட்டியோடு திரும்பி வரும். "வலிக்கிறது", "கடி உயரம்", "ஆடுகிறது" என்று டாக்டர் கையெழுத்தில் ஒரு சீட்டும் உள்ளே இருக்கும். பெட்டிகளைக் கொண்டுவந்து கொண்டுபோகிறவருக்குப் பட்டறையில் பெட்டிக்காரர் என்று பெயர். திரும்பி வந்தவற்றை மட்டும் அவர் தனியாக ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு, காலை ஏழு மணிக்குப் பின்படி வழியாக ஏறி வந்து அக்காவிடம் கொடுப்பார். எட்டு மணிக்குள் அக்கா அதைத் தேய்த்துச் சரிசெய்து, மெருகு போட்டு, பெட்டியில் வைத்து, புதுப் பெட்டிகளோடு கலந்துவிடுவாள். ஒன்பது மணிக்கு எல்லாம் சேர்ந்து கிளம்பும். யார் செய்தது திரும்பி வந்தது, ஏன் வந்தது என்பதெல்லாம் அவளுக்கும் பெட்டிக்காரருக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். டாக்டர்களிடம் போனில் பேசுவதும் அவளேதான். அதனால் முதலாளி காதுக்கும் எதுவும் எட்டவில்லை.

இதற்கு ஒரு கதை உண்டு. பத்தொன்பது வயதில் மாவு கரைக்க வந்தவள் அவள். அப்போது முதலாளியாக இருந்தவர் பெரியவர், இப்போதைய சின்னவரின் அப்பா. பெட்டி திரும்பி வந்தால் பெரியவர் எல்லாரையும் கூப்பிட்டு நிற்க வைப்பார். செட்டை நடுத்தரையில் வைப்பார். செய்தவர் குனிந்து எடுக்க வேண்டும். "இத உங்க அப்பன் வாயில மாட்டிப் பாரு, அப்பத் தெரியும்" என்பார். ஒருநாள் தரையில் வைக்கப் பொறுமையில்லாமல் வீசினார். ஒரு பல் தெறித்து அவள் கண்ணுக்குக் கீழே பட்டது. வெள்ளரி விதை அளவுக்கு ஒரு தழும்பு இன்னும் இருக்கிறது. தையல் போட்டுக்கொண்டு மறுநாளே வேலைக்கு வந்தாள். யாரும் சொல்லிக் கொடுக்காமலே, மற்றவர்கள் கையைப் பார்த்துப் பார்த்து மெழுகு வேலையைப் பிடித்துக்கொண்டாள். பெரியவர் படுத்த படுக்கையானபோது பட்டறைப் பொறுப்பு அவளிடம் வந்தது. அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தாள்: இனி எவருடைய பெட்டியும் நாலு பேர் முன்னால் திறக்கப்படாது. இருபத்திரண்டு வருஷமாக அந்த வார்த்தையை அவள் மீறியதில்லை.

அவள் வீட்டுக்காரர் மருந்துக் கடையில் கணக்கெழுதுகிறவர். "எல்லாருக்கும் ஒரு வேலைன்னா உனக்கு மட்டும் ரெண்டு. மத்தவங்க செய்யறதச் செய்யறது ஒண்ணு, அவங்க கெடுத்ததச் செய்யறது ஒண்ணு" என்று சட்டைக்குப் பொத்தான் போட்டபடி சொல்வார்.

"உங்களுக்கு என்ன, மாத்திரை தப்பாப் போனா ஆளு திரும்பி வரமாட்டான். பல்லு அப்படியா?" என்பாள் அவள்.

*

சின்னவர் நல்லவர். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் சிறுதொழில் செய்கிறவர்களுக்கு எங்கேயோ நடந்த இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்தார், அதுமுதல் ஆளே மாறிவிட்டார். முந்தைய வருஷம் மூன்று இளைஞர்கள் வேலையை விட்டுப் பெரிய சாலையில் புதிதாக வந்த, பல் செட் செய்கிற பெரிய கூடத்துக்குப் போயிருந்தார்கள். அங்கே எல்லாம் இயந்திரம், எல்லா அறையும் குளுகுளு. அந்தக் கவலை அவரை அரித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, இப்ப இருக்கற பசங்களுக்குச் சம்பளம் மட்டும் பத்தாது. ஊக்கம் வேணும். பாராட்டணும். பேரு சொல்லிப் பாராட்டணும்."

"பாராட்டுங்க சார். வேணாம்னா சொல்றேன்?"

மறுவாரமே நடு அறைச் சுவரில் பச்சை வெல்வெட் ஒட்டிய பலகை ஏறியது. 'இம்மாதச் சிறந்த கைகள்' என்று தங்க எழுத்து. திங்கட்கிழமை காலை எல்லாரும் வட்டமாக நின்று ஒருவரையொருவர் கைதட்டிப் பாராட்ட வேண்டும் என்று ஏற்பாடு. பிரஸ்ஸையும் மெருகையும் பார்த்துக்கொள்கிற இருபத்து நாலு வயதுப் பையனை எல்லாரும் ஒல்லி என்பார்கள். அவன் முதல் திங்களே கேட்டான்: "சார், கை தட்டினா மாவு பறக்குது. வாயால பாராட்டிக்கலாமா?"

முதல் படம் யாருடையது என்று முடிவு செய்ய சின்னவர் ஓர் அளவுகோல் வைத்தார். யார் செய்த செட் குறைவாகத் திரும்பி வந்ததோ, அவர்தான் சிறந்தவர். ஏழு மாதத்து ஏட்டைப் புரட்டினார். திரும்பி வந்தவை என்ற கட்டம் எல்லார் பெயருக்கு எதிரிலும் காலியாக இருந்தது. அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"ஏழு மாசமா நம்ம பட்டறையில ஒரு பெட்டிகூடத் திரும்பி வரல! எந்தக் கூடத்துலயாவது இப்படி உண்டா?" என்று வட்டத்தின் நடுவில் நின்று முழங்கினார்.

கதவோரம் டீ குடித்துக்கொண்டிருந்த பெட்டிக்காரருக்குப் புரையேறியது. மெழுகக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் டம்ளரோடு படியிறங்கிப் போய்விட்டார்.

எல்லாரும் சமம் என்றால் கடினமான வேலை செய்கிறவருக்கே பரிசு என்று, பட்டறையில் எல்லாரும் டாக்டரம்மா என்று கூப்பிடுகிறவளின் படத்தைச் சின்னவர் பலகையில் மாட்டினார். இருபத்து மூன்று வயதுப் பெண். பல் டாக்டராக வேண்டும் என்று படித்து, மதிப்பெண் பற்றாமல் இங்கே வந்தவள். இரண்டு வருஷம் ஆகிறது. வாய்க்குள் இருக்கும் எலும்புகளுக்கெல்லாம் பெயர் சொல்வாள். அதனால் அந்தப் பட்டப்பெயர். ஏழு மாதமாக மேலும் கீழுமான முழு செட்டை அவள்தான் பதிக்கிறாள். அவளையும் அக்காவையும் தவிர அந்த வேலை வேறு யாருக்கும் தெரியாது.

படம் ஏறிய மூன்றாம் வாரம், ஒரு திங்கட்கிழமை, அவள் அக்காவின் முக்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, நான் இந்தச் சனிக்கிழமையோட நின்னுக்கறேன். பெரிய கூடத்துல கூப்பிட்டிருக்காங்க."

அக்கா மெழுகுக் கத்தியை விளக்கிலிருந்து எடுத்தாள். "ஏம்மா, இங்க என்ன கொறச்சல்?"

"ஒண்ணும் கொறச்சல் இல்லக்கா. அதான் பிரச்சினை. ஏழு மாசமா நான் செஞ்சது ஒண்ணுகூடத் திரும்பல. படம் மாட்டிட்டாங்க, கை தட்டிட்டாங்க. இதுக்கு மேல இங்க கத்துக்க என்ன இருக்கு? நீங்களே சொல்லுங்க."

அக்காவின் கையில் கத்தி ஆறிப்போயிற்று.

விஷயம் தெரிந்ததும் சின்னவர் அக்காவை முதல் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். "அவ போயிட்டா முழு செட் வேலைய நிறுத்திடறதுதான் வழி. நீங்க ஒருத்தர் எத்தனதான் செய்வீங்க? வர்ற பெட்டிய அந்தக் கூடத்துக்கே அனுப்பிட்டு, நாம உடைஞ்சத ஒட்டற வேலைய மட்டும் வச்சுக்கலாம். எப்படியாவது பேசிப் பாருங்கக்கா. இன்னும் ஒரு ஃபிரேம் வேணும்னா வாங்கிடறேன். பெரிய சைஸ்ல."

முப்பத்து மூன்று வருஷ வேலை, ஒட்டுப் போடும் வேலையாகப் போகும். அது ஒரு பக்கம் உறுத்தியது. ஆனால் அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அக்காவைப் பிடுங்கியது வேறொன்று. டாக்டரம்மாவின் பெட்டிகள் திரும்பி வந்திருந்தன. பத்து வந்திருந்தன. பெரும்பாலும் ஒரே குறை: வலப்பக்கக் கடி உயரம், வாயை மூடினால் அந்தப் பக்கம் மட்டும் முதலில் இடிக்கும். அக்கா ஒவ்வொன்றையும் அரைத்துச் சரிசெய்து அனுப்பியிருந்தாள். பெரிய கூடத்தில் அப்படி அரைத்துத் தர யார் இருக்கிறார்கள்? முதல் மாதமே பெட்டி திரும்பும். 'ஒன்றுகூடத் திரும்பாதவள்' என்ற பெயரோடு போகிறவள், அந்நியர்கள் நடுவில், எதற்கு என்றே தெரியாமல் திகைத்து நிற்பாள். தான் பட்டதை இவள் படக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்தது, அவளை அதைவிட மோசமான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தப் போகிறது.

*

செவ்வாய்க்கிழமை காலை துணிப்பையில் ஒரே ஒரு பெட்டி இருந்தது. டாக்டரம்மாவினுடையது. பதினொன்றாவது. அக்கா சீட்டைப் படித்தாள்: வலப்பக்கக் கடி உயரம். வழக்கம்போல் மோட்டாரைப் போட்டாள். பிறகு நிறுத்தினாள். பெட்டியை அப்படியே கொண்டுபோய் டாக்டரம்மாவின் இடத்தில் வைத்துவிட்டு, அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை இறக்கினாள். பழைய சீட்டுகளை அவள் எறிவதில்லை. டாக்டர் எழுதியதை எறியக் கை வராது.

எட்டு மணிக்கு வந்த பெண், பெட்டியைத் திறந்து சீட்டைப் படித்துவிட்டுச் சிரித்தாள். "அக்கா, வேற யாருதோ என் மேசையில இருக்கு."

"உன்னுதுதான்."

சிரிப்பு நின்றது. "முதல் தடவையா?"

"பதினொண்ணாவது."

அக்கா மீதிப் பத்துச் சீட்டையும் அவள் முன்னால் வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள்: ஏழு மணி, பின்படி, துணிப்பை. சொல்லும்போது அவளுக்கே அது திருட்டு வேலை மாதிரிக் கேட்டது. மாவு அறையிலிருந்து எட்டிப் பார்த்த ஒல்லி தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"ஏன் சொல்லல?"

"நீ மனசு ஒடிஞ்சிடக் கூடாதுன்னுதான்."

"ஏன், என் மனசு என்ன மாவு அச்சா, கீழ போட்டா ஒடைய?" அவள் சத்தம் போடவில்லை. அதுதான் அக்காவுக்குக் கஷ்டமாக இருந்தது. "ஏழு மாசமா ஊரான் வாயில நான் வலியச் செஞ்சு வச்சிருக்கேன். எனக்கே தெரியல. நீங்க எல்லாருமாச் சேர்ந்து கை தட்டியிருக்கீங்க."

"நான் தட்டல. சும்மா நின்னேன்."

"அது அதவிட மோசம்க்கா."

சீட்டுகளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள். பலகையில் அவள் படம் சிரித்துக்கொண்டிருந்தது. புதன்கிழமை அவள் வரவில்லை. சின்னவர் நாலு தடவை போன் செய்தார், எடுக்கவில்லை. அக்காவுக்கு அன்று ஒரு பல்கூட நேராக உட்காரவில்லை. வீட்டில் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருப்பதைப் பார்த்து வீட்டுக்காரர், "போனா போறா, விடு" என்றார். "போறதப் பத்தி இல்லங்க" என்றாள். 

வியாழக்கிழமை எட்டு மணிக்கு டாக்டரம்மா வந்தாள். கூப்பிட்டவர்களுக்கு முகம் கொடுக்காமல் முக்காலியில் உட்கார்ந்தாள்.

"அக்கா, பதினொண்ணுல ஒம்பது ஒரே குறை. வலது பக்கம். கை தடுமாறினா ஒருநாள் வலது, ஒருநாள் இடதுன்னுதானே வரணும்? ஒரே பக்கம் எப்படி வரும்?"

"உன் கைவாகு அப்படியோன்னு நெனச்சேன்."

"நெனச்சீங்க. பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. இத்தனை வருஷத்தில் அக்காவிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. தன் வேலையில் ஒரு நூல் பிசகினாலும் உறங்காதவள், அடுத்தவள் குறையை மட்டும் எட்டு தடவை அரைத்துவிட்டு ஒரு தடவைகூட ஏன் என்று கேட்கவில்லை. சீக்கிரம் சரிசெய்து, எட்டு மணிக்குள் மறைக்க வேண்டும் என்பதிலேயே கவனம் போய்விட்டது.

டாக்டரம்மா ஒரு செட் பதித்து முடித்தாள். தாடை மாதிரித் திறந்து மூடும் இரும்புச் சட்டத்தில் அதை மாட்டி, மேலுக்கும் கீழுக்கும் நடுவில், கடிபடும் இடத்தில் மை ஒட்டுகிற நீலத் தாளை வைத்து மூடித் திறந்தாள். எல்லாப் பல்லிலும் ஒரே மாதிரி நீலப் புள்ளி. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

பிறகு அது ஒல்லியிடம் போனது. அவன் வேலை இது: மெழுகை உருக்கி எடுத்துவிட்டு, பித்தளைப் பெட்டிக்குள் அந்த இடத்தில் ரோஸ் நிறப் பசையை அடைத்து, பிரஸ்ஸில் வைத்து இறுக்கி, கொதிக்க வைப்பது. ஆறவிட்டு எடுத்து மறுபடி சட்டத்தில் மாட்டினார்கள். நீலத் தாளை வைத்தார்கள். வலப்பக்கம் மட்டும் கருநீலமாக அப்பிக்கொண்டு வந்தது. இடப்பக்கம் ஒரு புள்ளி இல்லை.

"ஓகோ, அப்ப பழி என் மேலயா?" என்றான் ஒல்லி.

"இருப்பா. நீ பித்தளைப் பெட்டிய பிரஸ்ல எப்பவும் எப்படி வைப்ப?" என்றாள் டாக்டரம்மா.

"மூடியில இருக்கற வெட்டு என்னப் பாத்து இருக்கற மாதிரி. இந்த வேலைக்கு வந்த நாள்லேர்ந்து அப்படித்தான்."

"அடுத்தத திருப்பி வை."

சாயங்காலம் இன்னொரு செட்டைத் திருப்பி வைத்து இறுக்கினார்கள். வெள்ளிக்கிழமை காலை எடுத்துப் பார்த்தால், உயரம் இப்போது இடப்பக்கம்.

மூன்று பேரும் பிரஸ்ஸைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒல்லி திருகாணிகளைக் கழற்றி அடித்தட்டைத் தூக்கினான். தட்டுக்கு அடியில், ஒரு மூலையில், எப்போதோ சிந்தி இறுகிப்போன மாவுக்கட்டி ஒன்று, கடுகு பருமனில். தட்டு அந்தப் பக்கம் மயிரிழை தூக்கிக்கொண்டிருந்தது. மயிரிழை போதும், வாய்க்குள் அது மலை.

"நான் போட்டதா இது?" ஒல்லியின் குரல் இறங்கிப்போயிருந்தது.

"யாரு போட்டா என்ன? மாவு எல்லார் கையிலயும்தான் இருக்கு" என்றாள் டாக்டரம்மா.

அக்கா அந்தக் கட்டியை விரல் நுனியில் எடுத்துப் பார்த்தாள். அவள் தன் செட்டுகளை பிரஸ்ஸில் வைக்காமல், பழைய வழக்கப்படி கைத்திருகில் தானே இறுக்கிக்கொள்வாள். அதனால் அவளுடையவை ஒருபோதும் சாயவில்லை. சாய்ந்ததெல்லாம் இந்தப் பெண்ணுடையது, குற்றமும் இந்தப் பெண்ணுடையது என்று ஏழு மாதம் நினைத்திருக்கிறாள். முதல் சீட்டை மேசையில் வைத்திருந்தால் ஒல்லியே இரண்டு நாளில் கண்டுபிடித்திருப்பான். பெரியவர் தரையில் வைத்தார், இவள் பைக்குள் வைத்தாள். மேசையில் வைக்கலாம் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

"தப்பு என்னுதும்மா" என்றாள்.

"ஒம்பது பிரஸ்ஸோடது. ரெண்டு என்னுது" என்றாள் டாக்டரம்மா. ஒரு சீட்டில் 'ஆடுகிறது' என்றும், இன்னொன்றில் 'முன்பற்கள் சீப்பு மாதிரி இருப்பதாகச் சொல்கிறார்' என்றும் இருந்தது. அதை மறுபடி படித்துவிட்டு, "சீப்பு!" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை.

மத்தியானம் அவளே போய்ப் பலகையிலிருந்து படத்தைக் கழற்றி சின்னவர் மேசையில் வைத்தாள். அக்கா கூடவே போய், இருபத்திரண்டு வருஷத்துக் கதையையும் சொன்னாள். சின்னவர் ஏட்டின் காலிக் கட்டங்களையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப நான் தட்டின கையெல்லாம்?"

"நல்லாத்தான் தட்டினீங்க சார். சேதி தெரியாமத் தட்டினீங்க" என்றாள் அக்கா. "இனிமே திரும்பி வர்றது நேரா நடு மேசைக்கு வரட்டும். எல்லாரும் பாக்கலாம். யாரும் யாரையும் ஒண்ணும் சொல்லக் கூடாது. அதுக்கு மட்டும் நீங்க பொறுப்பு."

அவர் ஏட்டை மூடி வைத்தார். "பலகைய என்ன பண்றது? வெல்வெட்டுக்கா அது."

"சீட்டு குத்தி வைக்கலாம் சார், குண்டூசி நல்லா எறங்கும்" என்றான் வாசலில் நின்ற ஒல்லி.

*

சனிக்கிழமை. டாக்டரம்மா சொல்லியிருந்த கடைசி நாள். போவதைப் பற்றியோ இருப்பதைப் பற்றியோ அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்காவும் கேட்கவில்லை. கேட்கிற உரிமையை இழந்துவிட்டதாக அவளுக்குப் பட்டது.

ஏழு மணிக்குப் பெட்டிக்காரர் பின்படி ஏறி வந்தார். மேசைக்கு வர வேண்டும் என்ற புது ஏற்பாடு அவருக்குத் தெரிந்திருந்தும், பையைத் தயங்கித் தயங்கி நீட்டினார்.

"ஒண்ணுதான். ஆனா… நீங்களே பாருங்க."

மூடியின் மேல் எழுதியிருந்த எண்ணைப் பார்த்ததுமே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. அவள் செய்தது. வருஷத்துக்கு இரண்டு மூன்று தன்னுடையதும் வரும்தான். அவற்றையும் இதே ஏழு மணிக்குத்தான் அவள் அரைப்பாள்.

"யாரும் இன்னும் வரல" என்றார் பெட்டிக்காரர் மெதுவாக. "அஞ்சு நிமிஷ வேலை."

அஞ்சு நிமிஷம்கூட ஆகாது. அக்கா பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மோட்டார் அருகில் கொஞ்சநேரம் நின்றாள். பிறகு கொண்டுபோய் நடு மேசையின் மத்தியில் வைத்தாள். எட்டு மணி வரைக்கும் என்ன செய்வதென்று தெரியாமல் மாவு அறையைக் கூட்டினாள்.

எட்டுக்கு எல்லாரும் சுற்றி நின்றார்கள். சின்னவரும் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார், தவறிப்போய்த் தட்டிவிடக் கூடாது என்பது போல. டாக்டரம்மா சீட்டை எடுத்தாள். எண்ணைப் பார்த்து நிமிர்ந்தாள்.

"அக்கா, இது உங்களுது."

"தெரியும். படி."

"'மேல் இடது நாலாவது பல், நாக்கை உறுத்துகிறது. பேசும்போது விசில் சத்தம்.'"

ஒல்லிதான் முதலில் சிரித்தான். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான். அக்காவின் முகம் சிவந்துபோயிருந்தது. கண்ணுக்குக் கீழே தழும்பு இருக்கும் இடத்தில் சுருசுருவென்றது. யாரும் எதையும் வீசவில்லை. மேசையில் ஒரு பல் செட், சுற்றிலும் ஐந்து தலைகள், அவ்வளவுதான்.

"எங்கேர்ந்து விசில் வருது?" என்று செட்டைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தான் ஒல்லி.

டாக்டரம்மா முக்காலியை இழுத்துப் போட்டாள். "பல்லு உள்ள சாஞ்சிருக்குக்கா. ஆனா அது மட்டும் இல்ல. அண்ணத்துல மெழுகு தடிப்பா விட்டிருக்கீங்க. அரைச்சா உறுத்தறது போகும், விசில் போகாது."

அக்கா குனிந்து பார்த்தாள். ஏழு மணிக்கு அரைத்திருந்தால் பல்லை மட்டும்தான் அரைத்திருப்பாள். "சரி, எப்படிச் செய்யலாம்?"

அந்த ஒரு பல்லில் காலை கழிந்தது, மத்தியானமும் கழிந்தது. டாக்டரம்மா இரண்டு தடவை பதித்துப் பிடுங்கினாள். அக்கா ஒரு தடவை பதித்துப் பிடுங்கினாள். நடுவில் சின்னவர் வந்து, விசில் சத்தம் எப்படிச் சோதிப்பது என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அந்த டாக்டருக்குப் போன் செய்து, நோயாளியைத் திங்கட்கிழமை நேரில் பார்க்க முடியுமா என்று டாக்டரம்மாவே கேட்டாள். பட்டறையிலிருந்து யாரும் இதுவரை அப்படிக் கேட்டதில்லை. அந்தப் பக்கம் ஏதோ ஏட்டைப் புரட்டுகிற சத்தம். பிறகு, பத்து மணிக்கு வாருங்கள் என்றார்கள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு விளக்குகளை அணைக்க ஆரம்பித்தார்கள். டாக்டரம்மா மெழுகுக் கத்திகள் நாலையும் துடைத்து வரிசையாக வைத்தாள். சொந்தக் கத்திகள், வேலையை விட்டுப் போகிறவர்கள் பையில் எடுத்துப் போவது வழக்கம். அக்கா ஜன்னல் கொக்கியை மாட்டுகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பாமல் நின்றாள்.

ஒல்லிக்குத்தான் பொறுக்கவில்லை. "என்னா டாக்டரம்மா, கெளம்பியாச்சா?"

"எங்க கெளம்பறது? விசில் இன்னும் நிக்கலையே" என்றாள் அவள்.

இழுப்பறை திறந்து மூடும் சத்தம் கேட்டது. அக்கா அதன்பிறகுதான் திரும்பினாள்.